அடுக்களை அரங்கு: கடலை மிட்டாயும் கொச்சிக் காற்றும்

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து திருமணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்து ஆறேழு ஆண்டுகள் கழிந்த சகோதரி ஒருவர் இப்பகுதிக்குக் கடிதம் விடுத்திருக்கின்றார். தாயாருடன் நின்று சிறு வயது முதல் கடலை மிட்டாய் கிண்டிப் பழகிய கை அவருடையது. அங்கே வில்லையை ஒடித்தால் 'படக்'கென்று ஓசை கேட்கும். இங்கே மாலையில் செய்து தட்டில் பரப்பி வைத்தால், மறுநாள் காலையில் தட்டோடு ஒட்டிக்கொண்டு விரலில் பிசின்போல் இழுக்கின்றது. மாமியார் வாய்திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆயினும் 'கைப்பக்குவம் போய்விட்டதோ' என்னும் ஐயம் மனத்தை அரிக்க, இவ்வாண்டு செய்வதையே நிறுத்திவிட்டுக் கடைப் பொட்டலம் வாங்கிப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டாராம்.

இஃது ஒருவருக்கு மட்டும் உற்ற குறையன்று. நெல்லைச் சீமையிலிருந்தும் விருதுநகர், அருப்புக்கோட்டைப் பக்கங்களிலிருந்தும் இங்கு வந்து குடியேறிய பல இல்லங்களில் இதே பேச்சைக் கேட்டிருக்கின்றோம். பலகாரம் தவறினால் செய்தவர் கையைப் பழிப்பது நம்மவர் வழக்கம். அதிலும் புகுந்த வீட்டுப் பெண்ணின் கை என்றால் சொல்ல வேண்டியதில்லை. இச்சகோதரியின் கை தவறவில்லை என்பதை முதற்கண் உறுதியாகச் சொல்லிவிடுகின்றோம். மாறியிருப்பது காற்று. அதற்கேற்பப் பாகின் பதத்தையும், செய்தபின் வைக்கும் முறையையும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கோவில்பட்டியில் இருந்த தாயாருக்கு அதனை அறிய வேண்டிய தேவையே நேர்ந்ததில்லை அல்லவா?

கோவில்பட்டிக் கடலை மிட்டாயின் பெருமை யாவரும் அறிந்தது. 1940-களில் அவ்வூர்ச் சந்தையில் கடை வைத்திருந்த பொன்னம்பல நாடார் கருப்பட்டியும் கடலையும் சேர்த்து இதனைச் செய்யத் தொடங்கினார் என்பர். பின்னர்க் கருப்பட்டியின் இடத்தைக் கரும்பு வெல்லம் பிடித்துக்கொண்டது. 2020-ஆம் ஆண்டில் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கரிசல் மண்ணில் விளைந்த கடலை, தாமிரபரணித் தண்ணீர் என்று அதன் சுவைக்குக் காரணங்கள் சொல்வார்கள். அவ்வரிசையில் அவ்வூரின் உலர்ந்த காற்றையும் சேர்த்திருக்கலாம் என்பது நம் கருத்து. மட்டாஞ்சேரியோ மேற்கே கடலும் கிழக்கே காயலுமாக நீர் சூழ்ந்த இடம். கொச்சியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பொழிகின்றது. கோவில்பட்டிச் சீமையில் பெய்வது இதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கே. இங்கே மழை விட்டாலும் ஈரம் விடுவதில்லை. உப்பு ஜாடியில் நீர் கசிவதையும், அலமாரியில் வைத்த தோற்செருப்பில் பூசணம் பூப்பதையும் பார்க்கும் நாம், பாகு மட்டும் இளகாமல் நிற்கவேண்டும் என எதிர்பார்ப்பது நியாயமாகாது.

இனி, பாகு ஏன் இளகுகின்றது என்பதைச் சற்றே ஆராய்வோம். சர்க்கரைப் பாகு ஆறி உறையும் விதம் இரண்டு. நன்றாகக் காய்ச்சி, அதிகம் கலக்காமல் ஊற்றி, விரைவில் ஆறவிட்டால் அது ஒளி ஊடுருவும் கண்ணாடிபோல் உறைந்து நிற்கும். கடலை மிட்டாய் இவ்வகையைச் சேர்ந்தது. அவ்வாறன்றி, ஒரு பதம் வந்தபின் அடுப்பிலிருந்து இறக்கி விடாது கிளறினால், பாகு பூத்துச் சிறுசிறு பளிங்காகி, மணலைப்போல் பருப்பின்மேல் படிந்துவிடும். கடைகளில் விற்கும் சீனி பூசிய கடலை இவ்வகை. நம் வசதிக்காக முன்னதைக் கண்ணாடிப் பாகு என்றும் பின்னதை மணல் பாகு என்றும் பெயரிட்டுக்கொள்வோம்.

இவ்விரண்டும் ஒரே சர்க்கரையே ஆயினும் ஈரத்தின் முன் நடந்துகொள்ளும் விதம் வேறு. பளிங்காக உள்ள சர்க்கரை, காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 80-ஐத் தாண்டும் வரையில் பெரும்பாலும் நீரை ஏற்காது. கண்ணாடியாக உறைந்த சர்க்கரையோ, அதில் பாதியளவு ஈரப்பதம் இருந்தாலே காற்றிலுள்ள நீரை இழுக்கத் தொடங்கிவிடும். மேற்பரப்பு பிசுபிசுத்து, பின்பு உள்ளும் இளகும். போதாக்குறைக்கு வெல்லத்தில் கரும்புச் சர்க்கரையோடு குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்னும் இரு எளிய சர்க்கரைகளும் கலந்திருக்கின்றன. இவற்றுள் ஃபிரக்டோஸுக்கு ஈரத்தின்மீது தணியாத வேட்கை. பாகில் எலுமிச்சைச் சாறு சில துளிகள் விட்டால் பூக்காமல் இருக்கும் என்று சிலர் செய்வதுண்டு. அது மெய்யே. எனினும் அப்புளிப்பு, கரும்புச் சர்க்கரையைப் பிளந்து அந்த எளிய சர்க்கரைகளை மேலும் பெருக்குவதால், மழைக்காலத்துக் கொச்சியில் எலுமிச்சையைத் தவிர்ப்பதே நலம்.

கடைக்குச் செல்லும்போதும் ஒரு சொல்லில் கவனம் வேண்டும். புதிதாக வந்தவர்கள் மட்டாஞ்சேரிக் கடையில் 'சர்க்கரை' என்று கேட்டால் கடைக்காரர் வெல்லத்தை நிறுத்துக் கொடுப்பார். மலையாளத்தில் வெல்லத்திற்குத்தான் அப்பெயர். வெள்ளைச் சீனி வேண்டுமானால் 'பஞ்சசார' என்று கேட்கவேண்டும். பழந்தமிழரும் சர்க்கரை என்று வெல்லத்தையே வழங்கினர் என்பதற்கு நம் சர்க்கரைப் பொங்கலே சான்று. ஆகவே இதில் மலையாளிகளைக் குறை கூறுவதற்கில்லை. நாம்தாம் சொல்லை மாற்றிக்கொண்டோம். வெல்லத்தில் இங்கு நன்றாகக் கிடைப்பது மறையூர் வெல்லம். இடுக்கி மாவட்டத்தில், உடுமலைப்பேட்டைக்கு மேலே மலையில் உள்ள மறையூர், காந்தளூர்ப் பகுதிகளில் தமிழ் பேசும் மக்கள் மிகுதி. கையால் உருட்டிய கரும்பழுப்பு உருண்டைகளாக வரும் அவ்வெல்லத்திற்கு 2019-இல் புவிசார் குறியீடு கிட்டியது. எவ்வூர் வெல்லமானாலும் கசிந்து ஈரமாக இருப்பதையும், நாவில் புளிப்புத் தட்டுவதையும் ஒதுக்கிவிடுக. புளித்த வெல்லம் எவ்வளவு காய்ச்சினாலும் பாகு ஏறாது.

அடுத்து, கடலை. இதனை மலையாள நாட்டார் கப்பலண்டி என்பர்; கப்பலில் வந்த கொட்டை என்பது பொருள். தென்னமெரிக்காவில் பிறந்த பயிருக்கு இதனினும் பொருத்தமான பெயர் வேறில்லை. நம் வடமாவட்டத்தார் மணிலாவை நினைந்து மல்லாட்டை என்பதும், யாழ்ப்பாணத்தார் கச்சான் என்பதும் நேயர்கள் அறிந்திருக்கலாம். யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களில் விற்கும் கச்சான் அல்வாவும் நம் கடலை மிட்டாயின் உடன்பிறப்பே. முந்திரியும் அவ்வாறே பிரேசில் நாட்டிலிருந்து போர்த்துகீசியரால் வந்தது. கிறிஸ்டோவாவோ டா கோஸ்டா என்னும் மருத்துவர் 1578-இல் வெளியிட்ட தம் நூலில் இம்மரத்தைக் கொச்சித் தோட்டங்களில் கண்டதாகக் குறித்திருக்கின்றார். எனவே நாம் இங்கு வந்து சேர்வதற்கு நெடுங்காலம் முன்பே இவ்வூருக்குக் குடிபுகுந்துவிட்ட பண்டம் அது!

கடலை வாங்கும்போது விலையைப் பார்ப்பதைவிடப் பருப்பைப் பார்ப்பது முக்கியம். இதனை வற்புறுத்திச் சொல்கின்றோம். 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இலட்சத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் இன்ன நோயென்று தெரியாமல் மடிந்தன. ஆராய்ந்ததில், அவற்றுக்குத் தீவனமாகப் போட்ட கடலைப் பிண்ணாக்கில் பூசணம் பிடித்திருந்ததும், அப்பூசணம் சுரந்த நஞ்சே காரணம் என்பதும் வெளியாயின. அஃப்ளடாக்சின் என்று அதற்குப் பெயர். நாட்பட உடலில் சேர்ந்தால் ஈரலில் புற்றுநோயை விளைக்கவல்லது. ஈரமும் வெப்பமும் கூடிய இடத்தில் வைத்த கடலையில்தான் அப்பூசணம் செழிக்கும். காயலோரத்துக் கிடங்குகளை எண்ணிப் பாருங்கள். வறுப்பதாலோ பாகில் இடுவதாலோ இந்நஞ்சு முற்றிலும் அழிவதில்லை. ஆதலின் சுருங்கியவை, நிறம் மாறியவை, பச்சையோ கருமையோ படர்ந்தவை, கசப்பவை ஆகியவற்றைப் பொறுக்கி எறிந்துவிடுக. 'வெல்லத்தோடு சேர்ந்தால் தெரியாது' என்று சிலர் சொல்வதுண்டு. நாவுக்குத் தெரியாமற்போவதுதான் அதிலுள்ள அபாயம். ஒரு பிடி கடலை வீணாவதைப் பொருட்படுத்த வேண்டாம்.

பொறுக்கிய கடலையை நிதானமாக வறுக்கவேண்டும். தெருவோரத்தில் வறுப்பவர் இரும்புச் சட்டியில் மணலிட்டு வறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். மணல் வெப்பத்தை ஒரே சீராகத் தருவதால் ஒவ்வொரு பருப்பும் உள்வரை காய்கின்றது. வீட்டில் மணல் வேண்டியதில்லை. அடி கனத்த வாணலியும் இளந்தீயும் பொறுமையும் போதும். தோலைக் கசக்கினால் தானே கழலவேண்டும். பருப்பை இரண்டாகப் பிளந்தால் நடுப்பகுதியும் இளம்பொன் நிறமாக இருக்கவேண்டும். மேலே சிவந்து உள்ளே பச்சையாக நின்ற கடலை, தன்னுள் இருக்கும் நீரை மெல்ல மெல்லப் பாகுக்குள் விடும். வெளிக்காற்றுக்கு எவ்வளவு காவல் போட்டாலும் உள்ளிருந்து வரும் ஈரத்தை யார் தடுப்பது? கடிதம் எழுதிய சகோதரி இதனையும் ஒருமுறை சோதித்துப் பார்க்கட்டும்.

இப்பொழுது கண்ணாடிப் பாகுக்கு வருவோம். வறுத்துத் தோல் நீக்கி உடைத்த கடலை அரைக் கிலோ, வெல்லம் 350 கிராம், தண்ணீர் 100 மில்லிலிட்டர், ஏலப்பொடி, சுக்குப்பொடி, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவை வேண்டும். வெல்லத்தைத் தட்டித் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, மண்ணும் சக்கையும் நீங்கியபின் மீண்டும் அடுப்பேற்றுக. முதலில் பெரிய பெரிய நுரையாகப் பொங்கும். பிறகு நுரை சிறுத்து, பாகு கனத்து, குமிழிகள் சோம்பலாக எழுந்து வெடிக்கும். நிறம் ஆழ்ந்து, மணம் மாறும். கிண்ணத்தில் குளிர்ந்த நீர் வைத்துக்கொண்டு இரண்டொரு துளி விட்டுப் பார்க்க வேண்டிய நேரம் அதுவே.

இங்கேதான் நம்மவர் பலர் நின்றுவிடுகின்றனர். துளியை உருட்டி, பாத்திரத்தின்மேல் போட்டு, 'டங்'கென்று ஓசை கேட்டதும் 'பதம் வந்துவிட்டது' என்று கடலையைக் கொட்டிவிடுகின்றனர். அவ்வோசை, கெட்டி உருண்டைப் பதத்திலேயே, அதாவது 125 முதல் 130 டிகிரி செல்சியஸிலேயே கேட்கத் தொடங்கிவிடும். அப்போது நூறு பங்கு பாகில் ஏறத்தாழ 8 பங்கு நீர் இன்னும் எஞ்சியிருக்கும். கோவில்பட்டியின் உலர்ந்த காற்றில் அந்த மிச்சம் பெரும் கேடு செய்வதில்லை. மட்டாஞ்சேரியிலோ, முன்பே உள்ளிருக்கும் நீரோடு காற்றின் நீரும் கைகோத்துக்கொள்கின்றது. ஆதலின் இங்கு ஓசை கேட்டபின்னும் தீயைத் தணித்து, அடிபிடிக்காமல் மெல்லத் துழாவி, இன்னும் சிறிது நேரம் காய்ச்சவேண்டும். நீரில் விட்ட பாகு கம்பியாக நின்று, வளைத்தால் வளையாமல் கண்ணாடித் துண்டுபோல் ஒடியவேண்டும். பல்லில் வைத்துக் கடித்தால் ஒட்டாமல் நொறுங்கவேண்டும். சமையல் வெப்பமானி உள்ளவர்கள் 145 முதல் 150 டிகிரி வரை பார்த்துக்கொள்ளலாம். எஞ்சும் நீர் அப்போது நூற்றில் ஓரிரு பங்காகக் குறைந்துவிடும். அதற்கு மேல் வெல்லம் தீய்ந்து கசக்கும். ஓசைக்கும் ஒடிதலுக்கும் இடையே உள்ள இந்தச் சில நிமிடங்களே இவ்வூரில் மிட்டாயின் ஆயுளை நிர்ணயிப்பவை. அந்நேரத்தில் வாசலில் யார் அழைத்தாலும் அடுப்பை விட்டு அகலவேண்டாம்.

பதம் வந்ததும் தீயை அணைத்து, சமையல் சோடா ஒரு சிட்டிகை தூவினால் பாகு பொங்கி இலேசாகும். மிட்டாய் பல்லுக்கு இதமாக இருக்கும். கடலையைச் சற்றே சூடாக வைத்திருந்து கொட்டுவது நலம். குளிர்ந்த கடலை பட்டால் பாகு கலக்குமுன்பே இறுகிவிடும். நெய் தடவிய பலகையிலோ தட்டிலோ கொட்டி, நெய் தடவிய குழவியால் உருட்டிப் பரப்பி, சூடு ஆறுமுன் கத்தியால் கோடிட்டுவிட வேண்டும். மூன்று நான்கு நிமிடம் தாமதித்தாலும் கத்தி இறங்காது.

அடுத்து நம் சகோதரி கவனிக்க வேண்டியது, இரவு முழுவதும் தட்டில் விடலாகாது என்பது. பிறந்த வீட்டில் அவ்வாறு விட்டு வைத்தால் மிட்டாய் மேலும் இறுகியிருக்கும். இங்கே விட்டு வைத்தால் விடியும் வரை ஈரம் குடிக்கும். கைபொறுக்கும் அளவுக்கு ஆறியதும், முற்றிலும் சூடு நீங்கிய அக்கணமே, வில்லைகளை ஒடித்து, மெழுகுத்தாளில் தனித்தனியே சுற்றி, இறுக மூடும் தகரப் பெட்டியில் அடுக்கிவிடுக. சூட்டோடு மூடினால் ஆவி மூடியில் நீராகப் படிந்து அதுவும் கெடுக்கும். பெட்டியின் அடியில், வறுத்து ஆறவைத்த பச்சரிசி ஒரு பிடியைத் துணியில் முடிந்து போடலாம். குளிர்பதனப் பெட்டியில் வைப்பதை நாம் விரும்புவதில்லை. வெளியே எடுத்தவுடன் குளிர்ந்த வில்லையின்மேல் காற்றின் ஈரம் வியர்வையாகப் படிந்துவிடும்.

இவ்வளவு காவலுடன் செய்தாலும், இடவப்பாதி என்று இந்நாட்டார் சொல்லும் தென்மேற்குப் பருவமழை அடைத்துப் பெய்யும் ஆனி, ஆடி மாதங்களில் கண்ணாடிப் பாகை வெல்வது அரிது. அம்மாதங்களுக்கு உரியது மணல் பாகு என்பதே நம் முடிவு. இதற்கு ஆசான் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. அண்டை வீட்டு மலையாளத் தாய்மார்கள் ஓணத்திற்குச் செய்யும் சர்க்கரை வரட்டியை எண்ணிப் பாருங்கள். நேந்திரங்காயைத் தடித்த துண்டுகளாக நறுக்கி வறுத்து, வெல்லப் பாகில் இட்டுக் கிளறி, சுக்கும் சீரகமும் பொடித்த சீனியும் தூவி, துண்டு துண்டாகப் பிரித்து எடுப்பார்கள். ஆவணி மாதத்து ஈரத்திலும் அது ஒன்றோடொன்று ஒட்டாமல், கலகலவென்று நிற்கின்றது. காரணம் யாதெனின், கிளறிய கிளறலில் பாகு பளிங்காகிவிட்டது. மேலே தூவிய உலர்ந்த பொடி துண்டுகளை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கி வைக்கின்றது. தலைமுறை தலைமுறையாக இம்மழையோடு வாழ்ந்தவர்கள் கண்ட வழி அது. நம் கடலைக்கும் முந்திரிக்கும் அதனைக் கைக்கொள்வதில் என்ன தடை?

கடலையைச் சீனியில் செய்வது மிக எளிது. தோலோடு கூடிய பச்சைக் கடலை இரண்டு டம்ளர், சீனி ஒரு டம்ளர், தண்ணீர் அரை டம்ளர், மூன்றையும் ஒன்றாகவே வாணலியில் இட்டு நடுத்தரத் தீயில் கிளறுக. நீர் வற்றிப் பாகு கனத்து, சிறிது நேரத்தில் பாகே காணாமற்போய், கடலை முழுதும் வெண்மணல் படிந்ததுபோல் ஆகும். முதன்முறை செய்பவர் 'கெட்டுவிட்டது' என்று அஞ்சுவது இக்கட்டத்தில்தான். அஞ்ச வேண்டாம், தீயை நன்கு தணித்து, கடலை உள்வரை வறுபடும் வரை கிளறிக்கொண்டிருந்து இறக்கிவிடலாம். இன்னும் அடுப்பில் வைத்துத் தீயைக் கூட்டினால் அம்மணல் மீண்டும் உருகி, பழுப்பு நிறமாகப் பளபளவென்று பூசிக்கொள்ளும். கண்ணுக்கு அழகுதான், ஆனால் உருகிய இடமெல்லாம் மீண்டும் கண்ணாடியாகிவிட்டது என்பதை மறக்கலாகாது. மழைக்காலத்தில் மணலோடு நிறுத்திக்கொள்க. பளபளப்பைத் தை மாதத்திற்கு வைத்துக்கொள்ளலாம். ஐரோப்பிய நாடுகளில் பனிக்காலச் சந்தைகளில் பெரிய செப்புக் கொப்பரையிலிட்டுப் பாதாம் பருப்பைக் கிளறுவதும், பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் படைத்தலைவர் ஒருவரின் பெயரால் வழங்கும் பிராலின் என்னும் பலகாரமும் இம்முறையின் வேறு வடிவங்களே.

முந்திரிக்கு இம்முறையைச் சிறிது மாற்றவேண்டும். அது மெல்லிய பருப்பு. நெடுநேரம் கிளறினால் உடைந்து தூளாகும். எனவே பருப்பைத் தனியே இளஞ்சிவப்பாக வறுத்து வைத்துக்கொண்டு, பாகை முதலில் உருட்டுப் பதத்திற்குச் சிறிது மேலாக, 118 அல்லது 120 டிகிரி வரை காய்ச்சி, அடுப்பிலிருந்து இறக்கியபின் பருப்பைப் போட்டுக் கிளறுக. கால் கிலோ முந்திரிக்கு 125 கிராம் வெல்லமோ சீனியோ போதும். வெல்லமானால், பாகு கெட்டியாகிப் பருப்பின்மேல் ஒட்டும் தருணத்தில் சுக்குப்பொடி, வறுத்த சீரகப்பொடி, இரண்டு மேசைக்கரண்டி பொடித்த சீனி ஆகியவற்றைத் தூவிப் பிரித்துவிடவேண்டும். மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் நல்ல சுக்கு கிடைப்பதற்குக் குறைவில்லை. பொடியாக வாங்காமல் முழுச் சுக்காக வாங்கி வீட்டில் இடித்துக்கொண்டால் மணம் வேறு விதமாயிருக்கும். மிளகுப்பொடி சேர்ப்பாரும் உளர். நமக்கும் அது பிடித்தமே. குமரி மாவட்டத்தார் செய்யும் முந்திரிக்கொத்தை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்; அது பாசிப்பயற்று உருண்டை; பெயரில்தான் முந்திரி.

கண்ணாடிப் பாகுக்கு ஏற்ற காலம் எது என்று கேட்பவர்கள் நம் குஜராத்தி அண்டை வீட்டாரைக் கவனிக்கலாம். மட்டாஞ்சேரியில் பல தலைமுறையாக வாழும் அவர்கள் எள்ளிலும் கடலையிலும் சிக்கி செய்வது பெரும்பாலும் உத்தராயணப் பண்டிகையின்போது, அதாவது நம் பொங்கல் நாளில்தான். கொச்சியில் மழை மிகக் குறைந்து காற்று ஓரளவு உலர்ந்திருப்பதும் அம்மாதமே. பொங்கலுக்கு வெல்லம் வாங்கும்போதே இதற்கும் சேர்த்து வாங்கிக்கொண்டால், மார்கழிக் கடைசி முதல் மாசி வரை அசல் கோவில்பட்டி வில்லையைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். சென்ற முறை செய்தது இளகிப்போய் இன்னும் பெட்டியில் கிடந்தால் எறிந்துவிட வேண்டாம். கனத்த வாணலியில் மிக இளந்தீயில் மீண்டும் உருக்கி, ஒடியும் பதம் வந்ததும் பரப்பினால் பெரும்பாலும் சீராகிவிடும். கடலை சற்றுக் கூடுதலாகச் சிவக்கும், அவ்வளவே.

பிள்ளைகளைப் பற்றிய இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. 150 டிகிரிப் பாகு கொதிநீரினும் கொடியது. தோலில் பட்டால் வழிந்து போகாமல் ஒட்டிக்கொண்டு சுடும். பாகு காயும் நேரத்தில் சிறுவர் அடுக்களைக்குள் இருத்தல் ஆகாது. தவறிப் பட்டுவிட்டால் உடனே ஓடும் குழாய்நீரில் இருபது நிமிடம் காட்டி, மருத்துவரிடம் அழைத்துச் செல்க. நெய், மாவு, பற்பசை முதலியவற்றைத் தடவுவது புண்ணை மேலும் கெடுக்கும். இரண்டாவது, ஐந்து வயது நிரம்பாத குழந்தைகளுக்கு முழுப் பருப்பைக் கொடுக்கலாகாது. மூச்சுக்குழலில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. அவர்களுக்குக் கடலையைப் பொடித்து வெல்லத்தோடு பிசைந்து கொடுத்தால் போதும். கடலை ஒவ்வாத குழந்தைகளும் சிலர் உண்டு. ஆதலின் அண்டை வீடுகளுக்குத் தட்டு அனுப்பும்போது இன்னதில் செய்தது என்று சொல்லி அனுப்புவது முறையாகும்.

இப்பலகாரத்தை வீட்டில் செய்து விற்று நாலு காசு பார்க்கலாமா என்று வேறிரண்டு அன்பர்கள் கேட்டிருக்கின்றனர். தாராளமாகச் செய்யலாம், ஆனால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொண்டு, செய்த தேதியைப் பொட்டலத்தில் குறித்த பின்பே விற்கவேண்டும். தொடக்கத்தில் மணல் பாகில் செய்த முந்திரியையே கைக்கொள்வது நலம். கடலை வில்லையைக் கடைக்குப் போட்டுவிட்டு மழை பெய்தால், திரும்பி வரும் பொட்டலங்களை எண்ணுவதிலேயே மாதம் கழிந்துவிடும்.

பாகு இறுகிய வாணலியைச் சுரண்டித் தேய்க்க வேண்டியதில்லை. அது நிறைய நீர் ஊற்றி ஒரு கொதி விட்டால் முழுதும் கரைந்து போகும். கார்த்திகைப் பொரி உருண்டைக்கு இவ்வளவு கடும் பாகு ஆகாது. அதன் கணக்கு வேறு. அடுத்த இதழில் அதனை எடுத்துக்கொள்வோம்.